எட்டுக் கோல் வாங்கிய பயிற்றுநர்

டார்ம்ஸ்டாட் 98 தோற்கும் நாட்களில், ஆட்டத் திட்டமே பிழையென்று பயிற்றுநரைத் திட்டியபடிதான் நாங்கள் வீடு திரும்புகிறோம். அப்போது செப் ஹெர்பெர்கரை நினைக்கவேண்டும்.

1897இல், எங்களுக்குப் பக்கத்து மன்ஹைமில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1933இல் நாசிக் கட்சியில் சேர்ந்ததையும் மறைப்பதற்கில்லை. போருக்கு முன்னும் பின்னும் யேர்மன் தேசிய அணியைப் பயிற்றுவித்தார்.

1954 உலகக்கிண்ணத்தில், முக்கிய வீரர்கள் பலரை வெளியே இருத்திவிட்டு ஹங்கேரியுடன் மோதி, 8–3 எனத் தோற்றார். கோபம் கொண்ட ரசிகர்கள் பதவி விலகச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அவர் பார்த்ததோ அடுத்த ஆட்டத்தை. மூன்றாம் நாள், ஓய்வெடுத்த வீரர்கள் துருக்கியை 7–2 என வென்றார்கள். யூலை 4இல் பேர்ணில், அதே ஹங்கேரியை 3–2 என வென்று கிண்ணத்தையும் எடுத்தார்கள். 1977இல் காலமானார்.

எல்லாத் தோல்விக்கும் பின்னால் திட்டம் இருக்காதுதான். ஆனாலும் ஒரு மாத நட்டத்தைப் பார்த்து ஆண்டுக் கணக்கை மூடுவதில்லையே.