கோப்பி இலையின் அடியில் இருந்த தூள்

அப்பாயி பிறந்த மாத்தளைத் தோட்டத்துக்கு அண்மையில்தான் முதல் தடவையாகப் போனேன். லயத்துக்குப் பின்னால் தானாக முளைத்த கோப்பிச் செடியொன்று நின்றது. இலையைத் திருப்பினேன். செம்மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது.

1977 வன்செயலில் அந்த லயத்தை விட்டோடிக் கிளிநொச்சிக்கு வந்தது எங்கள் குடும்பம். 2009இல் அங்கிருந்தும் ஓடினோம். ஆனால் எங்கள் முன்னோர் மலையில் நிலையாகத் தங்கியதற்கு இந்தத் தூளும் ஒரு காரணம். அதைத் தேடியபோதுதான் ஹரி மார்ஷல் வோர்ட்டை அறிந்தேன்.

1854இல் இங்கிலாந்தின் ஹெரபோர்ட்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் ஜேர்மனியிலும் தாவரவியல் கற்றார். 1880இல், 26 வயதுகூட நிறையாத அவரை அரசாங்கம் இலங்கைக்கு அனுப்பியது. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு நோய் அதற்குள் மலையெங்கும் பரவியிருந்தது. தோட்டத் துரைமாருக்கு உடனே மருந்து தேவைப்பட்டது.

வோர்ட் முதலில் நோயை விளங்கிக்கொள்ள முயன்றார். பசைத்தன்மையுள்ள கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். அவை ஈரமான இலையில் முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே நுழைவதைக் கண்டார். நோய் இலைக்குள்ளேயே வளர்வதால், வெளியே தூவும் மருந்து அதை எட்டாது என்பதும் தெளிவாயிற்று.

இந்தப் பங்கசு வேறொரு வகை வித்தியையும் உண்டாக்குகிறது. செம்மஞ்சள் வித்தி கலப்பு எதுவுமின்றித் தன்னையே பெருக்கிக்கொள்வது. மற்றையது இலிங்க இனப்பெருக்கத்துக்குரியது. அதற்குள் இரண்டு கருக்கள் ஒன்றாகி, பின்னர் சிறு வித்திகள் வெளிவரும் என்பதை இன்று அறிவோம். வோர்ட் அதை முளைக்கவைத்து, வந்த சிறு வித்திகளைக் கோப்பி இலையில் இட்டுப் பார்த்தார். நோய் வரவில்லை. கோதுமைத் துருவின் அத்தகைய வித்தி கோதுமையை விட்டு வேறொரு செடியில்தான் வளரும். கோப்பித் துருவுக்கும் அப்படியொரு செடி இருக்கிறதா என்பது இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆனால் அழிவுக்கு அந்த வித்தி தேவைப்படவில்லை. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிர், நடுவே காற்று. செம்மஞ்சள் தூளுக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. வோர்ட் அதையே அறிக்கையில் எழுதினார். கைகண்ட மருந்து தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. துரைமார் ஏமாற்றமடைந்தனர். 1882இல் அவர் நாடு திரும்பினார்.

அடுத்த சில ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்து, தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பலர், மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறி, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். வழியிலேயே இறந்தவர்களும் ஏராளம். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் தங்கின. 1948இல் அவர்களின் பிள்ளைகளுக்கு இந்த நாடு குடியுரிமை மறுத்தது. துரைமார் பயிரை மாற்றிக்கொண்டார்கள். எங்களுக்கோ மாற்றிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

வோர்ட் 1895இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். 1906இல், 52 வயதில் இறந்தார். பயிர் நோய்கள் பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவராக இன்று அறியப்படுகிறார். அவர் எழுதியது நோயைப் பற்றி. அந்தச் செடிகளுக்கு நடுவே நின்ற எங்களைப் பற்றி அல்ல. ஆனாலும் கேட்பவர்கள் விரும்பாத உண்மையை 27 வயதில் அவர் அப்படியே எழுதிக் கொடுத்தார். செய்தி எழுதும் எனக்கு அது சிறிய காரியமாகத் தெரியவில்லை.

பறித்த இலையைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவரவில்லை. அங்கேயே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.