வானத்தைத் தூரிகையால் முடித்த கேப்டன்

கடியப்பட்டணம் லைட்ஹவுஸ் பக்கம் சாயங்காலம் போனோட நின்னிருக்கீங்களா? (எல்லாரும் முட்டம் லைட்ஹவுஸ்னு சொல்வாங்க. ஆனா அது நிக்கிறது எங்க ஊர்ல!) பாறையைச் சரியா எடுத்தா வானம் வெளுத்துப் போகும். வானத்தைப் பிடிச்சா பாறை கறுப்பாயிடும். இதே தலைவலியோட 1858-லயே ஒருத்தர் நம்ம தமிழ்நாட்டுல அலைஞ்சிருக்கார். அவர் பேர் லின்னேயஸ் ட்ரைப்.

1822-ல இங்கிலாந்துல டெவன்போர்ட்ல பிறந்தவர். 1839-ல, பதினேழு வயசுல, கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் படையில சேர்ந்தார். அதாவது நாம பிளஸ் டூ முடிக்கிற வயசு! லீவுல ஊருக்குப் போனப்போ கேமரா மேல ஆசை வந்துடுச்சு. திரும்பி வந்து 1854-ல பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்தார். 1855-ல ஆங்கிலேயத் தூதுக்குழுவோட பர்மா போய் அங்கேயும் எடுத்தார். 1856-ல மெட்ராஸ் அரசாங்கம் அவரையே தன்னோட அதிகாரபூர்வ போட்டோகிராபரா நியமிச்சுது.

1857 டிசம்பர்ல அவரோட பெரிய பயணம் தொடங்குச்சு. சேலம் பக்கம் ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு போனார். எங்க ஊர் அப்போ திருவிதாங்கூர்ல இருந்துச்சு, அதனால அந்த லிஸ்ட்ல இல்ல. சாமான் எல்லாம் மாட்டு வண்டியில. ஏன் அவ்வளவு சாமான்? அப்போ பிலிம் கிடையாது. பேப்பர்ல மெழுகு ஏத்தி, வெள்ளி உப்பு பூசி, நெகட்டிவை அவரே தயாரிக்கணும். பெருசாக்குற வசதியும் இல்ல. பிரிண்ட் எவ்வளவு பெருசோ, நெகட்டிவும் அவ்வளவு பெருசு. அப்போ கேமரா எவ்வளவு பெருசு இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க!

இப்போ வானத்துக்கு வருவோம். அந்த வெள்ளி உப்பு நீல ஒளியை ரொம்ப வேகமா இழுத்துக்கும். மரமும் பாறையும் மெதுவா பதியுறதுக்குள்ள வானம் அளவுக்கு மேல பதிஞ்சு, பிரிண்ட்ல வெறும் வெள்ளையா வரும். ட்ரைப் என்ன பண்ணார் தெரியுமா? நெகட்டிவ் மேலயே தூரிகையால மேகம் வரைஞ்சார். சாயம் பூசின இடம் ஒளியைத் தடுக்கும். பிரிண்ட்ல அது வெள்ளை மேகமா வந்து நிக்கும். சில இடத்துல இலைகளைக்கூட இப்படித் திருத்தியிருக்கார். எடிட் பண்ணா ஏமாத்துறதுன்னு என்கிட்ட சண்டை போட்ட நண்பர்களுக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

ஆனா அவர் அழகுக்காக மட்டும் அலையல. மதுரையில யானைமலையையும், வைகை ஆத்தைத் தாண்டி ஊர் தெரியுற காட்சியையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பகுதியில ஓடுற கல்வெட்டை விடாம எடுத்து, 21 பிரிண்ட்டை ஒட்டி ஒரே படமாக்கினார். நீளம் கிட்டத்தட்ட 19 அடி! நம்ம போன்ல பனோரமா பட்டனை அழுத்திட்டு லேசா திரும்புறோமே, அந்த வேலை.

இவ்வளவு பண்ணவருக்கு என்ன கிடைச்சுது? 1859-ல மெட்ராஸ் கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இது வீண் செலவுன்னு நினைச்சு மொத்த வேலையையும் நிறுத்தச் சொல்லிட்டார். அப்போ ட்ரைப்புக்கு 37 வயசு. அதுக்கப்புறமும் ராணுவத்துல வருஷக்கணக்கா இருந்தார், ஆனா கேமராவைப் பெருசா தொடல. 1902-ல பிறந்த ஊரான டெவன்போர்ட்லயே இறந்தார். அவர் நாலஞ்சு வருஷத்துல எடுத்ததைத்தான் இன்னைக்கு லண்டன் மியூசியத்துல பத்திரமா வச்சிருக்காங்க.

இவரைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம் என் போன் கேலரியைத் திறந்து பார்த்தேன். சூரியன் மறையுற படம் மட்டும் நூத்துக்கணக்குல இருக்கு. எங்க பாட்டி கரையில நின்னு கடலுக்குள்ள கையைக் காட்டி, அங்கதான் மக்களே நாங்க ஓடி விளையாடினதுன்னு சொல்வாங்க. அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு காட்ட எங்க வீட்ல ஒரு படம்கூட இல்ல. இப்போ இருக்கிற கரையையாவது நான் எடுத்திருக்கேனான்னு தேடினேன். அதுவும் இல்ல.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறேன். இந்தத் தடவை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு, வள்ளியாறு கடல்ல சேர்ற இடம், கல் போட்ட கரை, கடைசி வரிசை வீடுகள், எல்லாத்தையும் எடுத்து தேதி எழுதி வைக்கப் போறேன். உங்க ஊர்லயும் அப்படி ஒரு இடம் இருக்கும். வானம் வெளுத்தா வெளுக்கட்டும், எடுத்து வைங்க.