கொன்டினென்டல் ஹோட்டலில் காத்திருந்த எலீன்

பார்சலோனாவுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் லா ரம்பிளா வீதியில் ஒரு தடவையாவது நடந்திருப்பார்கள். அதன் மேல் முனையில், கத்தலோனியா சதுக்கத்துக்கு அருகே, கொன்டினென்டல் ஹோட்டல் இன்றும் இயங்குகிறது. 1937 ஜூன் மாதத்தில் அங்கே தங்கியிருந்த ஒரு பெண் தன் கணவரைச் சிறையிலிருந்தும், ஒருவேளை சாவிலிருந்தும் காப்பாற்றினார். கணவர் பெயர் ஜோர்ஜ் ஓர்வெல். மனைவி எலீன்.

ஓர்வெலின் இயற்பெயர் எரிக் பிளேயர். 1903இல் இன்றைய பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்தார். தந்தை அபின் திணைக்களத்தில் பிரித்தானிய அரச ஊழியர். மகன் ஈட்டன் பாடசாலையில் படித்து, 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்தார். ஏகாதிபத்தியத்துக்குச் சேவகம் செய்வது கசந்துபோக, வேலையை விட்டார். பின்னர் பாரிஸில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையற்கட்டில் கோப்பை கழுவினார். அந்த வேலை எப்படியென்று நம்மில் பலருக்குத் தெரியும். 1936 ஜூனில் எலீனை மணந்தார்.

அடுத்த மாதமே ஸ்பெயினில் பிராங்கோவின் படைக் கிளர்ச்சி தொடங்கியது. டிசம்பரில் ஓர்வெல் பார்சலோனா போய், பௌம் என்ற சிறிய மார்க்சியக் கட்சியின் படையில் சேர்ந்தார். தொழிலாளரின் கையில் இருந்த நகரம் அது. லிஃப்ட் பையனுக்கு அன்பளிப்புக் காசு கொடுக்கப் போய், ஹோட்டல் முகாமையாளரிடம் பேச்சு வாங்கினார். 1937 பெப்ரவரியில் எலீனும் வந்து, பிரித்தானிய சுதந்திரத் தொழிற்கட்சியின் அலுவலகத்தில் வேலை செய்தார். கொன்டினென்டலில் அறை எடுத்துத் தங்கினார்.

மே மாதத்தில் பிராங்கோவை எதிர்த்தவர்களே நகரத் தெருக்களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். விடுமுறையில் வந்திருந்த ஓர்வெல், கட்சி அலுவலகத்துக்கு எதிரே ஒரு திரையரங்கின் கூரையில் காவல் இருந்தார். பிறகு போர்முனைக்குத் திரும்பினார். மே 20இல் ஒரு குண்டு அவருடைய கழுத்தைத் துளைத்துச் சென்றது. உயிர் தப்பியது, குரல் போனது.

ஜூன் 16இல் பௌம் தடைசெய்யப்பட்டது. தலைவர் அந்திரேயு நின் கைதாகி, உயிருடன் திரும்பவில்லை. தங்கள் கட்சி துரோகக் கட்சியாகிவிட்டது போர்முனையில் நின்றவர்களுக்குத் தெரியாது. எதிரியின் குண்டுக்குத் தப்பியவரை இப்போது சொந்தப் பக்கமே தேடியது. இதன் வலியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 20 இரவு, விடுவிப்புப் பத்திரங்களுடன் ஓர்வெல் ஹோட்டலுக்குள் நுழைந்தார். வரவேற்புக் கூடத்தில் இருந்த எலீன் எழுந்து வந்து, எல்லோரும் பார்க்கச் சிரித்தபடி கழுத்தைக் கட்டிக்கொண்டு, உடனே வெளியே போகும்படி காதுக்குள் சொன்னார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எலீன் கையைப் பிடித்துப் படியிறக்கினார். ஹோட்டல் ஊழியர் ஒருவரும் இரகசியமாக எச்சரித்தார்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் விடியப்புறம் 6 சிவில் உடைப் பொலிஸார் எலீனின் அறைக்குள் புகுந்து, ஏறக்குறைய 2 மணி நேரம் தேடி, நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அள்ளிச் சென்றிருந்தனர். எலீன் படுத்திருந்த கட்டிலை மட்டும் அவர்கள் சோதிக்கவில்லை. கடவுச்சீட்டுகளும் காசோலைப் புத்தகமும் மிஞ்சின. எலீனை அவர்கள் கைது செய்யவுமில்லை. கணவரைப் பிடிக்க மனைவியைத் தூண்டில் இரையாக விட்டுவைத்திருந்தார்கள் என்பது ஓர்வெலின் கணிப்பு. எலீன் மறைந்தால் பொலிஸ் விழித்துக்கொள்ளும். ஆகவே ஒன்றும் நடக்காததுபோல அதே அறையிலேயே தங்கியிருந்தார்.

ஓர்வெல் இரவில் இடிந்த தேவாலயத்திலும் வெறும் நிலத்திலும் படுத்தார். பகலில் சவரம் செய்து, சப்பாத்துத் துடைத்து, இருவரும் விலை கூடிய உணவகங்களில் பணக்கார ஆங்கிலப் பயணிகளாக நடித்தார்கள். புறப்படும் நாளிலும் எலீன் கடைசி நேரத்திலேயே ஹோட்டல் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. முன்கூட்டிச் சொன்னால் ஹோட்டல்காரர் பொலிஸுக்கு அறிவித்துவிடுவார்கள் என்ற பயம். ஜூன் 23இல் இருவரும் 2 தோழர்களுடன் ரயிலில் எல்லை கடந்து பிரான்சை அடைந்தனர். ஜூலை 13 தேதியிட்டு, வலென்சியாவின் உளவு, தேசத்துரோக நீதிமன்றத்துக்காகத் தயாரித்த அறிக்கையில் இருவர் பெயரும் இருந்தன.

1938இல் ஓர்வெல் இந்த அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். அச்சிட்ட 1,500 பிரதிகளும் அவர் சாகும்வரை விற்றுத் தீரவில்லை. அந்தப் புத்தகத்தில் எலீன் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. மனைவி என்று மட்டுமே வருகிறது. எலீன் 1945 மார்ச்சில் சத்திரசிகிச்சையின்போது 39 வயதில் இறந்தார். விலங்குப் பண்ணை நாவல் வெளிவந்து ஓர்வெல் உலகப் புகழ் பெற்றது அதே ஆண்டு ஓகஸ்ட்டில். அவரும் 1950 ஜனவரியில், 46 வயதில், காசநோயால் இறந்தார்.

கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு, பதிவில் பெயர் விடுபட்டால் கண்ணில் உறுத்தும். நம் வீடுகளிலும் தப்பி வந்த கதையை அப்பாக்கள்தான் சொல்வார்கள். அவர்கள் ஒளிந்திருந்த இரவுகளில் கதவு தட்டப்பட்டபோது திறந்தவர் அம்மா. அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்தியவரும் அவரே. அவர் இருக்கும்போதே, அந்த இரவுகளைப் பற்றி அவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள், பெயருடன்.