டிராசன் பெட்ரோவிச்

அட்ரியாட்டிக் கடலின் கீழைக்கரையில், குரோவேசியா நாட்டில், சிபெனிக் என்னும் தொன்மையான துறைமுக நகரம் உள்ளது. கல்லாற் கட்டப்பெற்ற பேராலயத்திற்கும் கோட்டைகளுக்கும் பெயர்பெற்றது அந்நகரம். அங்கே 1964-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள் டிராசன் பெட்ரோவிச் பிறந்தார். அந்நாளில் குரோவேசியா தனிநாடாக இல்லை. யூகோசுலாவியா என்னும் கூட்டரசில் அடங்கியிருந்தது.

டிராசனின் தமையனார் அலெக்சாந்தர் கூடைப்பந்து ஆடுவதில் வல்லவர். தமையனாரைக் கண்டே தம்பியும் அவ்வாட்டத்தில் ஈடுபட்டார். ஊரார் உறங்கும் வைகறையில் எழுந்து ஆட்டக்கூடத்திற்குச் செல்வார். அங்கே தனியே நின்று வளையத்தை நோக்கி நூற்றுக்கணக்கான முறை பந்தை எறிந்து பழகுவார். அதன் பின்னரே பள்ளிக்குப் புறப்படுவார். பதினைந்து வயதிலேயே சிபெங்கா என்னும் உள்ளூர்க் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது.

1983-ஆம் ஆண்டு யூகோசுலாவிய நாட்டின் இறுதி ஆட்டத்தில் சிபெங்கா சாரயேவோ நகரத்துப் போசுனா குழுவை எதிர்த்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், தடையின்றி எறியும் வாய்ப்பு இருமுறை டிராசனுக்குக் கிட்டியது. இரண்டையும் வளையத்துள் இட்டு, ஒரே புள்ளி வேறுபாட்டில் தம் குழுவை வெற்றிபெறச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டே. நகர மக்கள் இரவெல்லாம் மகிழ்ச்சிக் கடலில் திளைத்தனர். ஆனால், நடுவரின் தீர்ப்பில் பிழை நேர்ந்தது என்று கூறி, மறுநாளே அவ்வெற்றி செல்லாது என அறிவித்து விட்டனர்! மீண்டும் ஆடச் சிபெங்கா மறுத்தது. பட்டம் போசுனாவுக்குச் சென்றது.

படைப்பணியை முடித்தபின் 1984-ஆம் ஆண்டு டிராசன் தலைநகராகிய சாகிரெப் சென்று சிபோனா குழுவிற் சேர்ந்தார். அக்குழு 1985, 1986 ஆகிய ஈராண்டுகளிலும் ஐரோப்பிய வாகையர் கோப்பையை வென்றது. 1985-இல் ஓர் ஆட்டத்தில் அவர் ஒருவரே 112 புள்ளிகள் ஈட்டினார். எதிரணியில் அன்று ஆடியவர் முதிராத இளைஞர்கள் என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஆயினும் 112 என்பது எவரும் வியக்கும் எண்ணே. பின்னர் இசுபெயின் நாட்டு ரியல் மாட்ரிட் குழுவில் ஓராண்டு ஆடினார். 1989-இல் ஏதென்சு நகரில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில் 62 புள்ளிகள் எடுத்து அக்குழுவை வெற்றிபெறச் செய்தார்.

ஐரோப்பாவில் அவருக்கு நிகர் எவரும் இலர் என்னும் நிலை வந்தது. அந்நிலையில்தான் அவர் அமெரிக்கா சென்றார். அக்காலத்தில் ஐரோப்பியரின் ஆற்றலில் அமெரிக்கருக்கு அத்துணை நம்பிக்கை இல்லை. அவர்களால் எதிரியைத் தடுத்து ஆட இயலாது என்பதே பலர் கருத்து. டிராசன் சேர்ந்த போர்ட்லண்டுக் குழுவில் அவர் ஆடும் இடத்தில் கிளைடு திரெக்சிலர் என்னும் பெருவீரர் இருந்தார். ஆகவே, 48 நிமிட ஆட்டத்தில் முதலாண்டில் டிராசனுக்குக் கிடைத்தவை சராசரி 12 நிமிடங்களே. மறு ஆண்டில் அவையும் குறைந்தன. 62 புள்ளிகள் குவித்த கை, விசிப்பலகையில் வாளாவிருந்தது! திரும்பி வந்திருந்தால் ஐரோப்பா அவரை மாலையிட்டு வரவேற்றிருக்கும். அவரோ திரும்பவில்லை. தம்மிடம் குறையென்று பிறர் கூறியதைக் களைய முனைந்தார், உடலை வலுப்படுத்தினார், இளமைப் பருவத்திற்போலவே இடைவிடாது பயின்றார், வேறு குழுவுக்குத் தம்மை அனுப்புமாறும் வேண்டினார்.

1991-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நியூ செர்சிக் குழு அவரை ஏற்றது. அடுத்த பருவத்தில் அவர் 82 ஆட்டங்களுள் ஒன்றையும் விடாது ஆடி, ஆட்டத்திற்குச் சராசரி 20.6 புள்ளிகள் எடுத்தார். அதற்கடுத்த பருவத்தில் 22.3 எடுத்தார். 1993-இல் அந்நாட்டின் தலைசிறந்த பதினைவரைக் கொண்ட மூன்று அணிகளுள் மூன்றாவதில் அவர் பெயர் இடம்பெற்றது.

இதற்கிடையே யூகோசுலாவியா போரினாற் சிதைந்தது. குரோவேசியா தனிநாடாயிற்று. 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், அப்புதிய நாட்டின் அணி அமெரிக்கப் பேரணியை எதிர்த்து நின்றது. தொடக்கத்திற் சிறிது நேரம் 25-க்கு 23 என முந்தியும் இருந்தது! இறுதியில் தோல்வியே எய்தியது. எனினும், டிராசன் 24 புள்ளிகள் எடுத்தார். அவருடைய நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

1993-ஆம் ஆண்டு சூன் திங்களில் போலந்து நாட்டில் தாய்நாட்டுக்காக ஆடிவிட்டுத் திரும்பினார். தோழர்கள் பிராங்பர்ட்டிலிருந்து வானூர்தியில் நாடு திரும்ப, அவர் மட்டும் காரிற் புறப்பட்டார். சூன் 7-ஆம் நாள், மழை பெய்து நனைந்திருந்த பவேரிய நெடுஞ்சாலையில், குறுக்கே நின்றுவிட்ட சரக்கு வண்டியின்மேல் கார் மோதியது. டிராசன் அங்கேயே உயிர் நீத்தார். அவருக்கு வயது இருபத்தெட்டு.

சாகிரெபில் சிபோனாவின் ஆட்டக்கூடத்திற்கு அவர் பெயரையே இட்டனர். நியூ செர்சிக் குழுவினர், அவர் அணிந்த 3-ஆம் எண் சட்டையை அவ்வாண்டு நவம்பரில் தம் அரங்கின் கூரையில் ஏற்றி வைத்தனர். அதன்பின் அக்குழுவில் அவ்வெண்ணை வேறெவருக்கும் அவர்கள் அளிக்கவில்லை.