வைத்தியம் பயின்று பௌதிகம் வளர்த்த பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

கல்வி என்பது ஒன்றே. அதனைக் கற்போர் தம் வசதியின் பொருட்டுப் பல துறைகளாகப் பகுத்துக்கொண்டனர். வயலுக்கு வரப்பு இடுவது நீர் பாய்ச்சுதற்கும் எல்லை அறிதற்குமேயன்றி, வரப்பின் இருமருங்கும் மண் வேறு வேறு என்று காட்டுதற்கன்று. இவ்வுண்மையை மறந்து, ஒரு துறையிற் புகுந்தவனுக்கு ஏனைய துறைகளெல்லாம் அடைபட்ட கதவுகளே என எண்ணி வருந்துவோர் நம்மிற் பலர்.

ஆண்டுதோறும் பள்ளியிறுதித் தேர்வு முடிந்தவுடன் நம் இல்லங்களில் ஒரு கவலை எழுகின்றது. பிள்ளை விரும்பும் படிப்பிற்குப் பொருளில்லை. பொருளுக்கு ஏற்ற படிப்பிலோ பிள்ளைக்கு விருப்பமில்லை. இந்நிலையிலுள்ள பெற்றோரும் மாணவரும் அறிந்து ஊக்கமுறத்தக்கது ஜெர்மானியப் பேரறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அவர்களின் சரிதமாகும்.

இவர் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், பெர்லின் நகருக்கு அணித்தாகிய போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகர் உயர்தரப் பாடசாலை ஒன்றில் உபாத்தியாயர். கல்வியிற் செல்வர், பொருளிற் செல்வரல்லர். ஹெர்மன் இளமையில் நோயாளி. தொடர்பில்லாத செய்திகளை மனப்பாடஞ் செய்தல் அவருக்கு எளிதாக வரவில்லை. பழைய லத்தீன் நூல்கள் வகுப்பில் ஓதப்படும்பொழுது, அவர் மேசையின் கீழ்த் தாளை வைத்துக்கொண்டு கண்ணாடி வில்லைகளினூடே ஒளி செல்லும் வழியைக் கணித்துக்கொண்டிருப்பாராம். பௌதிக சாஸ்திரம் பயில வேண்டுமென்பதே அவர்தம் பேரவா.

ஆனால் அச்செலவைத் தாங்கத் தந்தையாருக்கு வலியில்லை. பெர்லினில் இராணுவ வைத்தியர்களைப் பயிற்றும் அரசாங்கக் கலாசாலை ஒன்று இருந்தது. அங்கே கல்விக்குப் பொருள் வேண்டுவதில்லை. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்தபின் எட்டாண்டு படையில் வைத்தியராக ஊழியஞ் செய்தல் வேண்டும். தந்தையார் அவ்வழியைக் காட்ட, மைந்தர் 1838-இல் அங்கே சேர்ந்தார். விரும்பியது கிடைத்திலதே என்று அவர் சோர்ந்திருக்கவில்லை. கலாசாலைப் புத்தகசாலையில் உதவி வேலை செய்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஆங்குக் கிடந்த பழைய கணித நூல்களைத் தாமே கற்றார்.

1841-இல் கடுஞ் சுரம் கண்டு வைத்தியசாலையிற் கிடந்தார். மாணவராதலின் அங்கே அவருக்குச் செலவில்லை. நோய் நீங்கி எழுந்தபோது, உதவித்தொகை செலவாகாமல் சிறிது சேர்ந்திருந்தது. அதனைக் கொண்டு ஒரு நுண்பெருக்கிக் கண்ணாடி வாங்கினார். அதன் உதவியால் சிற்றுயிர்களின் நரம்பிழைகளை ஆராய்ந்தே 1842-இல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பின்னர் போட்ஸ்டாமில் படை வைத்தியரானார். படைவீடே அவருக்கு ஆராய்ச்சிச் சாலையாயிற்று. அக்காலத்து அறிஞர் பலர், உயிருள்ள உடம்பை இயக்குவது இயற்கை விதிகளுக்கு அப்பாற்பட்ட தனியொரு உயிர்ச்சக்தி என்று கருதினர். அங்ஙனமாயின், உணவின்றியே ஓயாது உழைக்கும் இயந்திரமாக அன்றோ உடம்பு இருத்தல் வேண்டும் என்று இவர் ஐயுற்றார். தவளையின் தசைகள் இயங்கும்போது வெளிப்படும் வெப்பத்தை அளந்து பார்த்தார். சக்தி புதிதாகத் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. ஒன்று மற்றொன்றாக மாறுவதே உண்டு என்னும் பெருவிதியை, 1847 ஜூலையில் பெர்லின் பௌதிக சங்கத்தில், தமது இருபத்தைந்தாம் வயதில் எடுத்துரைத்தார். அந்நாளிற் புகழ்பெற்ற சாஸ்திரப் பத்திரிகை அக்கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டமையால், அது தனிச் சிறு நூலாகவே வெளிவந்தது. இவ்வுண்மையை வெவ்வேறு வழியாக முன்னரே கண்டோரும் உளர்: மாயர் என்பார் ஒரு வைத்தியர், ஜூல் என்பார் ஆங்கில நாட்டில் மதுவடிசாலை வைத்திருந்த குடும்பத்தினர். பௌதிகத்தின் தலையாய விதி ஒன்றைக் கண்டோர் மூவரும் பௌதிகத்தைத் தொழிலாகக் கொண்டிராதவர் என்பது சிந்திக்கத்தக்கது.

இவரது திறமையைக் கண்டு அறிஞர் ஹம்போல்ட் பரிந்து பேசியதனால், எட்டாண்டு முடியுமுன்னரே, 1848-இல் படை ஊழியத்தினின்றும் விடுதலை கிடைத்தது. மறு ஆண்டு கெனிக்ஸ்பெர்க் சர்வகலாசாலையில் சரீர சாஸ்திர ஆசிரியரானார். அந்நகரே இன்று ருஷியாவிலுள்ள கலினின்கிராட் ஆகும்.

நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகம் அளத்தற்கரியது என்று இவர்தம் ஆசிரியராகிய முல்லர் முதலியோர் எண்ணியிருந்தனர். ஹெல்ம்ஹோல்ட்ஸோ, தவளையின் நரம்பைத் தசைக்கு அருகே ஒருமுறையும், சேய்மையில் ஒருமுறையும் மின்சாரத்தால் தூண்டி, தசை அசைதற்கு ஆகும் காலங்களின் வேற்றுமையைக் கணித்தார். மின்னலைப்போல விரையும் என்று எண்ணப்பட்ட செய்தி, வினாடிக்கு ஏறக்குறைய முப்பது மீட்டரே செல்கின்றது என்று 1850-இல் உலகம் அறிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் மற்றோர் அற்புதம் நிகழ்ந்தது. சில வேளைகளிற் கண்மணி ஒளிர்ந்து தோன்றுவது எதனால் என்பதை மாணவருக்கு விளக்கப் பாடம் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார். கண்ணுட் புகுந்த ஒளி வந்த வழியே திரும்புகின்றது. அதனைக் காண்போன் அவ்வழியில் தலையை வைத்தால் விளக்கையே மறைத்துவிடுகிறான். ஆகவே கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, விளக்கின் ஒளியை அதனால் கண்ணுக்குள் திருப்பி, அத்தகட்டினூடே நோக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. மூக்குக்கண்ணாடி வில்லைகளையும், மெல்லிய கண்ணாடித் துண்டுகளையும், அட்டையையும், பசையையும் கொண்டு ஒரு கருவி செய்தார். உயிருள்ள மனிதன் கண்ணின் உட்படலம் தெளிவாகத் தெரிந்தது! 1851-இல் இக்கருவியை வெளியிட்டார். பெர்லின் கண்வைத்தியர் கிரேபே இதனைக் கைக்கொண்டு கண்வைத்தியத்தையே புதுப்பித்தார். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் கண்ணின் நாளங்களுக்குச் செய்யும் கேட்டை இன்றும் வைத்தியர் காண்பது இதன் வழிவந்த கருவிகளாலேயே. ஒளி பற்றிய சாஸ்திரமும், வைத்தியமும், வகுப்பறைப் பாடமும் ஒருங்கு கூடிய இடத்தில் அன்றோ இது பிறந்தது!

பின்னர் பான், ஹைடல்பர்க் என்னும் நகரங்களில் ஆசிரியராக விளங்கினார். 1859-இல் அன்பு மனைவியார் ஒல்கா, இரு குழந்தைகளை விட்டுக் காச நோயால் மறைந்தார். அத்துயரினூடும் ஆராய்ச்சி நின்றிலது. காட்சி பற்றிய பெருநூல் 1856 முதல் 1867 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. இசையொலி செவிக்கு இனிமையாவது எங்ஙனம் என்பதை ஆராய்ந்த நூல் 1863-இல் வெளிவந்தது.

1862-இல் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் நிகழ்த்திய பிரசங்கம் நாம் கருதத்தக்கது. இயற்கை சாஸ்திரங்களுக்கும், மொழி, சரித்திரம், சட்டம் முதலியவற்றுக்கும் முறை வேறாயினும், அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஒரே கலைக்கூடத்தில் வாழவேண்டியன என்பது அதன் கருத்து.

சிறுவயதில் எட்டாதிருந்த பௌதிகம் 1871-இல் இவரைத் தேடி வந்தது. பெர்லின் சர்வகலாசாலை இவரைப் பௌதிகப் பேராசிரியராக ஏற்றது. அப்போது வயது நாற்பத்தொன்பது. வகுப்பிற் பேசுவதில் இவர் சிறந்தவரல்லர். பாடம் மந்தமாயிருந்தது என்று மாணவராயிருந்த மாக்ஸ் பிளாங்க் பிற்காலத்திற் குறைபட்டதுண்டு. ஆயினும் ஆராய்ச்சிச் சாலையில் இவர் கைதூக்கிவிட்டோர் பலர். மின்காந்த அலைகளை மெய்ப்பித்துக் கம்பியில்லாத் தந்திக்கு வித்திட்ட ஹெர்ட்ஸ் இவருடைய மாணவர். 1879-இல் லைப்சிக்கில் மனத்தத்துவ ஆராய்ச்சிச்சாலை கண்ட வுண்ட், ஹைடல்பர்க்கில் இவருக்கு உதவியாளராயிருந்தவர்.

1887-இல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் அளவைகளை வரையறுக்கும் அரசாங்க நிலையம் தோன்றியபோது, இவரே அதன் முதல் தலைவரானார். பின்னாளில் அங்கே எடுக்கப்பட்ட வெப்பக் கதிர் அளவைகளே, 1900-இல் பிளாங்க் புதிய குவாண்டக் கொள்கையைக் காண்பதற்குத் துணையாயின. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனைக் காணவில்லை; 1894 செப்டம்பர் 8-ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

அன்பர்களே! வறுமை அவரை வைத்தியத்திற் சேர்த்தது. அவர் அதனைச் சிறையாகக் கொள்ளாமல், தாம் விரும்பிய பௌதிகத்தை அதனுள்ளே கொண்டு சென்றார். அதனால் இரண்டும் வளர்ந்தன. கிடைத்த கல்வியைக் குறைகூறாது பற்றி, விரும்பிய கல்வியையும் கைவிடாது போற்றுதல் நம் மாணவர் கடன். அவருக்கு இலவசக் கல்வி ஒன்று இருந்ததனாலன்றோ அவ்வாழ்வு மலர்ந்தது! அதுபோல் வசதியற்ற பிள்ளை ஒருவனுக்கேனும், ஒருத்திக்கேனும் படிப்புக் கதவைத் திறந்துவைத்தல் நம் ஒவ்வொருவர் கடனுமாகும்.