மான் குரல் மாளிகை கட்டியவர்

லண்டனில் 1852-ம் ஆண்டு பிறந்தவர் ஜோசையா காண்டர். கட்டடக் கலை கற்றுத்தர 1877-ல் ஜப்பானுக்கு வந்தபோது அவருக்கு வயது 24 தான்!

மேல்நாடுகள் அப்போது ஜப்பானைச் சமமாக மதிக்கவில்லை. அங்கே குற்றம் செய்த வெள்ளையரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இறக்குமதி வரியையும் ஜப்பான் தன் இஷ்டப்படி உயர்த்த முடியாது. எல்லாம் ஒப்பந்தம்! தாங்களும் நாகரிகத்தில் குறைந்தவர்கள் அல்ல என்று காட்ட விரும்பினார், வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு. வெளிநாட்டு விருந்தினருக்காக 1883-ல் டோக்கியோவில் காண்டர் கட்டித்தந்த மாளிகைதான் ரொகுமெய்கான். 'மான் குரல் மாளிகை' என்று பொருள்.

அங்கே ஜப்பானியச் சீமாட்டிகள் கவுன் அணிந்து மேல்நாட்டு நடனம் ஆடினார்கள். பாவம், ஒப்பந்தங்கள் மாறவில்லை. 1887-ல் அமைச்சர் பதவி விலகினார். 1894 நிலநடுக்கத்தில் சேதமடைந்த மாளிகை, 1940-களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியருக்கு மேல்நாட்டு மாளிகை கட்டிய காண்டர், கவனாபே கியோசாய் என்ற ஓவியரிடம் ஜப்பானிய ஓவியம் கற்றார். குரு அவருக்கு 'கியோஎய்' என்று பெயர் வைத்தார். அதில் முதல் எழுத்து குருவின் பெயரிலிருந்து வந்தது. அடுத்தது இங்கிலாந்தைக் குறிப்பது. ஜப்பானியப் பெண்ணையே மணந்த காண்டர், 1920-ல் மனைவி இறந்த சில நாட்களில் டோக்கியோவிலேயே காலமானார்.

அவருடைய மாணவர் தட்சுனோ கிங்கோ வடிவமைத்து, 1914-ல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடமான டோக்கியோ ரயில் நிலையத்துக்கு இன்றும் ரயில்கள் வந்துபோகின்றன.