எழுதுகோலில் மறுவாழ்வு கண்ட நாகூர்ப் பெண்மணி



புதுவையிலிருந்து நாகூர்க் கந்தூரிக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். காரைக்காலைக் கடந்து வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் அவ்வூர் வந்துவிடும். அங்கே 1917ஆம் ஆண்டு பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அவர் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரைதான். பன்னிரண்டாம் வயதில் நிக்காஹ் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே கணவர் மவுத்தாகிவிட்டார். இருபது வயதை எட்டுமுன்பே அம்மையார் கைம்பெண் ஆனார்.

அந்நாளில் இத்தகைய பெண்ணுக்கு ஊர் வழக்கம் என்ன வைத்திருந்தது? வெள்ளைச் சேலையும், வீட்டின் ஒரு மூலையும்தான். ஆனால், மார்க்கம் வகுத்த வழி அதுவன்று. கணவனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டிய காலம் நான்கு மாதமும் பத்து நாளும். கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. துக்கத்துக்கும் இறைவன் ஓர் எல்லை வைத்தான். அந்த எல்லைக்கு அப்பால் வாழ்வு காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மணந்த அன்னை கதீஜா (ரலி) அவர்களும் கணவரை இழந்து, வணிகம் நடத்தி வந்தவர்களே அல்லவா?

ஹிராக் குகையில் இறங்கிய முதல் வஹீ ஓதுவதைப் பற்றியும் எழுதுகோலைப் பற்றியும் பேசிற்று. ஓதச் சொன்ன கட்டளை ஆண்களுக்கு மட்டும் இறங்கியதன்று. ஜுனைதா பேகம் வீட்டில் இருந்தபடியே நூல்களைப் படித்துத் தமிழைத் தமதாக்கிக்கொண்டார், எழுதத் தொடங்கினார். 1938ஆம் ஆண்டு அவருடைய ‘காதலா கடமையா’ என்னும் நாவல் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. எண்பது வயதைக் கடந்திருந்த தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த அப்பேரறிஞர், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு முஸ்லிம் பெண்ணின் தமிழுக்கு மதிப்பளித்தார் என்றால், அந்த உழைப்பின் அருமை விளங்கும்.

கதைகளோடு அவர் நின்றுவிடவில்லை. நாகூர் ஆண்டவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ‘இஸ்லாமும் பெண்களும்’ என்ற நூலையும் படைத்தார். சொந்தத் துயரத்தைச் சுமந்தவர், தம் சகோதரிகளுக்கு மார்க்கம் அளித்த உரிமைகளை எடுத்துரைப்பதைத் தம் பணியாக்கிக்கொண்டார். 1998ஆம் ஆண்டு, எண்பது வயதைக் கடந்து, அவர் இறையழைப்பை ஏற்றார்.

சகோதரர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இளம் வயதில் துணையை இழந்த பெண் இருக்கக்கூடும். இத்தா முடிந்த பின்னும் அவளை மூலையில் அமர்த்தி வைப்பது பக்தியாகாது. அவள் மறுமணத்தை விரும்பினால் தடுக்காதீர்கள்; படிக்க விரும்பினால் நூல் வாங்கிக் கொடுங்கள்; எழுத விரும்பினால் தாளும் பேனாவும் கொடுங்கள். சகோதரிகளே, பள்ளிப் படிப்பு குறைந்துவிட்டதே என்று நீங்களும் கலங்க வேண்டாம். பொறுமை என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதன்று. இறைவனை நம்பி அடுத்த காரியத்தில் கை வைப்பதே பொறுமை.

வல்ல அல்லாஹ் அம்மையாரின் பணியை ஏற்று, அவருக்கு மேலான சுவனபதியை அருள்வானாக! ஆமீன்.